பெண் பார்ப்பதும் பெண்ணைப் பார்ப்பதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தங்கள் கதைகளில் 'பால் கறந்தாள்', 'புத்தகம் படித்தேன்' என்று பல இடங்களில் இரண்டாம் வேற்றுமை உருபு விடுபட்டிருக்கிறது. மெய்ப்புத் திருத்தும் பணியில் இருக்கும் நான் இத்தகைய இடங்களில் 'ஐ' சேர்த்துவிடுவது வழக்கம். பேச்சின் சோம்பல் எழுத்துக்குள்ளும் வரலாமா? பிற மொழிகளில் இப்படி உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த 'ஐ'யைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள். இதை நம் இலக்கணம் இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று பெயரிட்டே ஏற்றிருக்கிறது. தொடரின் இறுதியில் மறையக்கூடிய உருபுகளாகத் தொல்காப்பியர் இந்த 'ஐ'யையும் ஏழாம் வேற்றுமை உருபான 'கண்'ணையும் மட்டுமே சொல்கிறார்.

உருபு வந்தால் பொருளே மாறிவிடும் இடங்கள் உண்டு. 'பெண் பார்க்கப் போனார்கள்' என்றால் வெற்றிலை பாக்கு, சொஜ்ஜி, பஜ்ஜியோடு ஒரு சடங்கு முழுவதும் அந்த இரு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. எந்தப் பெண் என்ற கேள்வி அங்கே முதன்மையானதல்ல. 'பெண்ணைப் பார்க்கப் போனார்கள்' என்றாலோ, அவள் யாரென்று சொல்பவருக்கும் கேட்பவருக்கும் முன்பே தெரியும். கட்டிக்கொடுத்த மகளாகவும் அவள் இருக்கலாம். ஸ்பானிய மொழியிலும் மருத்துவர் யாராவது கிடைத்தால் போதும் என்பவர் 'புஸ்கோ உன் மெதிக்கோ' என்பார். குறிப்பிட்ட ஒருவரைத் தேடுபவர் 'அ' என்னும் இடைச்சொல்லை நடுவில் சேர்த்து 'புஸ்கோ அ உன் மெதிக்கோ' என்பார்.

துருக்கியம் நமக்கு இன்னும் நெருக்கம். 'கித்தாப் ஒக்குதும்' என்றால் புத்தகம் படித்தேன். 'கித்தாபு ஒக்குதும்' என்றால் அந்தப் புத்தகத்தைப் படித்தேன். உருபாக வரும் அந்தக் கடைசி உயிர் ஏறத்தாழ நம் குற்றியலுகரம்போலவே ஒலிக்கும் என்பது எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி. பின்னிஷ் மொழி மட்டும் வேறு வழியில் போகிறது: 'லுயின் கிர்யன்' என்றால் புத்தகத்தைப் படித்து முடித்தேன், 'லுயின் கிர்யா' என்றால் படித்துக்கொண்டிருந்தேன், செயல் முற்றுப்பெற்றதா என்பதைப் பெயரின் ஈறே சொல்லிவிடுகிறது. செயப்படுபொருள் சில இடங்களில் உருபு ஏற்றும் சில இடங்களில் ஏற்காமலும் வரும் இந்த இயல்புக்கு மொழியியலில் தனிப்பெயரே உண்டு: ஆங்கிலத்தில் 'Differential Object Marking'. மொழியியலாளர் கியோர்க் பொசோங் புதிய ஈரானிய மொழிகளைப் பற்றி 1985இல் ஜெர்மனில் எழுதிய நூலின் தலைப்பிலேயே அந்தப் பெயர் இருக்கிறது.

ஆட்பெயரிலும் 'அவன்', 'அவள்' போன்ற சுட்டுப்பெயர்களிலும் உருபை விடவே முடியாது. 'அவன் பார்த்தேன்' என்று எங்காவது கண்டால் தயங்காமல் திருத்துங்கள். ஆனால் என் கதையில் அவள் விடியற்காலையில் எழுந்து பால் கறக்கிறாள். 'பாலைக் கறந்தாள்' என்று அதை நீங்கள் திருத்தினால், எந்தப் பால் என்று வாசகர் முந்தைய பத்திக்குத் திரும்பிப் போய்த் தேடுவார்.