உவர்மண், வெள்ளாவி, வடிகஞ்சி: துவைப்பதைப் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

பழைய சலவை முறைகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி, ‘பழையது என்றால் துணிக்கு இதமானது’ என்ற நம்பிக்கையோடு வந்திருக்கின்றன. அந்த நம்பிக்கையை முதல் பதிலிலேயே கொஞ்சம் அசைத்துவிடுகிறேன்.

அம்மா, எங்கள் பாட்டி உவர்மண் போட்டுத்தான் துவைப்பாராம். என் கல்யாணப் பட்டுப்புடவையை அதில் அலசலாமா?

அந்தப் பக்கமே போகாதீர்கள். கோடையில் களர் நிலத்தின்மேல் வெள்ளையாகப் பூத்து நிற்கும் உப்பு மண்தான் உவர்மண். அதில் வேலை செய்யும் சரக்கு சோடியம் கார்பனேட். கடையில் சலவைச் சோடா என்று பாக்கெட்டில் விற்பதும் அதே பொருள்தான். நல்ல காரம். பருத்தி அதைத் தாங்கும். பட்டும் கம்பளியும் நம் தலைமுடியைப் போலப் புரதம். காரத்தில் ஊறினால் மினுமினுப்பு போய் இழை இற்றுவிடும். உங்கள் பாட்டியும் அதில் பட்டை நனைத்திருக்க மாட்டார், வேட்டியையும் போர்வையையும்தான் போட்டிருப்பார்.

பட்டுக்குப் பூந்திக்கொட்டை. பத்துப் பன்னிரண்டு கொட்டைகளை உடைத்து விதையை எடுத்துவிட்டு, தோலை இரவே வெந்நீரில் ஊறப்போடுங்கள். காலையில் பிசைந்து வடிகட்டினால் நுரைக்கிற பழுப்புத் தண்ணீர் கிடைக்கும். முதலில் முந்தானையின் உள்மூலையை நனைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒட்டாவிட்டால் அமுக்கி அமுக்கி அலசி, முறுக்காமல் நிழலில் போடுங்கள். அந்தத் தண்ணீர் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்க முடியாது.

வெள்ளாவி என்றால் என்ன? வீட்டில் செய்ய முடியுமா?

முழு வெள்ளாவி வீட்டு வேலையாக இருந்ததில்லை. அது சலவைத் தொழிலாளர் குடும்பங்களின் வேலை. வெள்ளைத் துணிகளை உவர்மண் கரைசலிலோ சோடாத் தண்ணீரிலோ நனைத்துப் பிழிவார்கள். அடுப்பில் பதித்த பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கும். ஆவி ஊடுருவ வழிவிட்டு, பானை வாயைச் சுற்றித் துணிகளைக் கூம்பாக அடுக்கி, மேலே மூடிவிடுவார்கள். பல மணி நேரம் ஆவி ஏறும். பிறகு துறைக்குக் கொண்டுபோய் அடித்து அலசுவார்கள்.

அதில் நடப்பது எளிய காரியம்தான். காரமும் சூடும் சேர்ந்தால் துணியில் இருக்கும் உடம்பு எண்ணெய் சோப்பு மாதிரி ஆகி நீரோடு போய்விடும். கிருமியும் பேனும் ஆவியில் சாகும். சிறுவயதில் எங்கள் தெருவில் வெள்ளாவி மூட்டைகள் வந்து இறங்கும்போது, வெந்த துணியும் புகையும் கலந்த ஒரு வாசனை வரும். அந்த வாசனையை ரசித்த எங்களுக்கு, அதற்காக ராத்திரி முழுவதும் அடுப்படியில் விழித்திருந்தவர்களின் நினைவு அன்றைக்கு வந்ததே இல்லை. இப்போது நாம் ‘பாரம்பரியம்’ என்று சிலாகிக்கும்போதும் அது அவ்வளவாக வருவதில்லை.

வீட்டில் அதன் சின்ன வடிவம் உண்டு. வெள்ளைப் பருத்தித் துணிகளைக் கொஞ்சம் சோடாவும் சோப்புச் சீவலும் போட்டு, அலுமினியம் அல்லாத பாத்திரத்தில் அரை மணி நேரம் கொதிக்க வைப்பது. சோடா அலுமினியத்தை அரித்துவிடும்.

மஞ்சள் கறையில் சோப்பு போட்டேன், ரத்தச் சிவப்பாகிவிட்டது! புது வேட்டி, ஐயோ!

பதறாதீர்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிறதே, அதேதான் இதுவும். சோப்பில் காரம் இருக்கிறது. நன்றாக அலசுங்கள், மறுபடி மஞ்சளாகும். பிறகு ஈரத்தோடு உச்சி வெயிலில் விரித்துப் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் நிற்காது. இரண்டு மூன்று நாள் பிடிக்கலாம். வாழைக்கறைக்கு மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், நான் தோற்ற இடம் அது.

வடிகஞ்சி போட்டால் வேட்டியில் திட்டுத் திட்டாக நிற்கிறதே, ஏன்?

கஞ்சியை வடிகட்டாமல் போட்டிருப்பீர்கள். அல்லது காய்ந்த துணியை அதில் முக்கியிருப்பீர்கள். சோறு வடித்த கஞ்சி ஆறியதும் மேலே ஆடை படியும், அதை எடுத்துப் போடுங்கள். பழைய மல்துணியில் இறுத்து, ஒரு பங்கு கஞ்சிக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர் கலந்து விரலிடுக்கில் விட்டுப் பாருங்கள். பால் போல ஓட வேண்டும், வழவழக்கக் கூடாது. அலசிப் பிழிந்த ஈர வேட்டியை அதில் முக்கிப் புரட்டி, பிழிந்து, இரண்டு பேராக இரு முனையைப் பிடித்து உதறுங்கள். ‘பட்’டென்று சத்தம் வர வேண்டும். அந்த உதறலில்தான் பாதி இஸ்திரி முடிந்துவிடுகிறது. முழுதாகக் காயும் முன், லேசான ஈரத்தில் தேய்த்தால் முனை கத்தி போல நிற்கும்.

கஞ்சி போட்ட துணியை மாதக்கணக்கில் பெட்டிக்குள் வைக்காதீர்கள். மாவுப்பொருள் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. எடுத்து வைக்கிற துணியென்றால் கஞ்சி போக அலசிவிட்டு வையுங்கள்.

நீலம் அதிகமாகிச் சட்டையெல்லாம் நீலம். வழி உண்டா?

பொடி நீலமா, சொட்டு நீலமா? பழைய பொடி நீலம் அல்ட்ராமரின் என்ற நிறமி. அது துணியை வெளுப்பதில்லை. மஞ்சள் சாயலுக்கு எதிரான நீலத்தைக் காட்டிக் கண்ணை ஏமாற்றுகிறது, அவ்வளவுதான். அமிலம் பட்டால் அந்த நிறமி சிதைந்துவிடும். ஒரு வாளி நீரில் ஒரு கோப்பை வினிகர் ஊற்றி ஊற வைத்து அலசுங்கள். லேசாக அழுகிய முட்டை வாடை வந்தால் பயப்பட வேண்டாம், அதில் கந்தகம் உண்டு. சொட்டு நீலம் பெரும்பாலும் சாயம். அதற்கு இந்த வித்தை பலிக்காது. திரும்பத் திரும்ப அலசுவதுதான் வழி.

போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைப்பதே இல்லை.

தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து. சோப்பு முதலில் அதோடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகிப் பக்கெட்டில் ஒட்டிக்கொள்கிறது. பருத்தித் துணி என்றால், சோப்புக்கு முன்னால் வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்துவிடுங்கள். கையுறை அவசியம்.

பாட்டியின் பழைய போர்வை ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள். எதிலும் போகவில்லை. என்ன கறை?

கறையில்லை தம்பி, விலாசம்! ஊர்த் துணியெல்லாம் ஒரே துறையில் கலந்துவிடாமல் இருக்க, வீட்டுக்கு ஒரு குறி இடுவார்கள். சேராங்கொட்டையின் பாலைத் தொட்டுப் புள்ளியிட்டு, சுண்ணாம்பு சேர்த்துக் கறுக்க வைப்பார்கள். துணி கிழிந்தாலும் குறி போகாது. நீங்களும் போட்டுப் பார்க்க ஆசைப்படாதீர்கள். அந்தப் பால் தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும்.

இத்தனை சொல்கிறீர்களே, நீங்கள் எப்படித் துவைக்கிறீர்கள்?

மெஷினில்தான். என் அம்மாவுக்கு விரல் இடுக்கெல்லாம் சோடாவில் வெடித்திருக்கும். ராத்திரி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பட்டுக்கும் கைத்தறி வேட்டிக்கும் மட்டும் வாளியை எடுக்கிறேன். அதுவும் என் மூட்டுவலி அனுமதிக்கிற நாளில்.