மூன்றாவது படிக்கும் பிள்ளைக்குத் தேர்தலை வீட்டிலேயே எப்படிப் புரியவைப்பது?

அரசியலமைப்பு, சட்டம் என்று ஆரம்பித்தால் பிள்ளை எழுந்து ஓடிவிடும். ஞாயிறு சாயங்காலம் கடற்கரைச் சாலையா, தாவரவியல் பூங்காவா என்று வீட்டுக்குள் ஒரு தேர்தல் வையுங்கள். பழைய செருப்பு டப்பாவின் மூடியில் ஒரு கீறல் போதும். துண்டுச் சீட்டில் அலையும் மரமும் சின்னமாக வரையட்டும், எழுத்துக் கூட்டத் தெரியாத தங்கச்சியும் போட வேண்டுமே, நிஜத் தேர்தலில் சின்னம் வந்ததும் அதற்காகத்தான். கதவுக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போய்க் குறியிடட்டும். "நீ எதுக்குப் போட்டே?" என்று தாத்தாவே கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை என்பது அங்கேதான் பிடிபடும். எண்ணுவதையும் பிள்ளையிடமே விடுங்கள். தோற்றால் அழும், அழட்டும், பாவம் பார்த்து முடிவை மட்டும் மாற்றாதீர்கள் (பாதி வீடுகளில் கெடுவது இங்கேதான்).

அப்புறம் நிஜ வாக்குப்பதிவு அன்று உங்கள் இடது ஆட்காட்டி விரல் மையைக் காட்டி, இயந்திரத்தில் பட்டனை அழுத்தியதும், போட்ட சின்னம் அச்சான சீட்டு 7 விநாடி தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழுவதைச் சொல்லுங்கள். வயது 18 ஏன் என்று கேட்கும். 1989 வரை 21.

சரி, நம்ம புதுச்சேரி? சட்டமன்றத்துக்கு 30 பேரைத் தேர்ந்தெடுக்கிறோம், மக்களவைக்கு ஒரே ஒருவர். மேப்பை விரித்து, கேரளப் பக்கம் இருக்கும் மாஹேயும் ஆந்திரப் பக்கம் இருக்கும் ஏனாமும் அதே ஒருவரைத் தேர்ந்தெடுக்கத்தான் ஓட்டுப் போடுகின்றன என்று காட்டுங்கள், அன்றைக்குப் பூராவும் கேள்விதான்.