கேளுங்கள், சொல்கிறேன்: அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்

கேள்வி (வாசகர், தூத்துக்குடி): நியூயார்க்கில் வேலை பார்க்கும் என் மகன், அங்கே பழைய தலைமுறைக் கணக்காளர்களில் யூதர்கள் நிறையப் பேர் என்கிறான். பணத்தின் மேல் அவர்களுக்கு உள்ள நாட்டம்தான் காரணமா?

பதில்: இல்லை. அது காலம்காலமாக அவர்கள் மேல் சுமத்தப்பட்ட பழி. 1930-களில் நியூயார்க் சிட்டி கல்லூரியில் சம்பளம் கட்டாமல் படிக்கலாம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழை யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே குவிந்தார்கள். தேர்வு எழுதித் தேறிப் பலர் கணக்காளர் உரிமம் பெற்றார்கள். ஆனால் பெரிய தணிக்கை நிறுவனங்கள் யூதர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. அதனால் சின்ன அலுவலகங்களைத் தாங்களே நடத்திப் பிழைத்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இறந்தபின் மனிதனிடம் கேட்கப்படும் கேள்விகளை யூதர்களின் பழைய சமய நூலான தல்மூத் வரிசையாகச் சொல்கிறது. முதல் கேள்வி, ‘கொடுக்கல் வாங்கலில் நாணயமாக இருந்தாயா?’ வேதம் படிக்க நேரம் ஒதுக்கினாயா என்பதுகூட அதற்கு அப்புறம்தான். மூன்றாவது, பிள்ளைகுட்டிகளோடு குடும்பமாக வாழ முனைந்தாயா என்பது. எனக்கு அந்த வரிசை மிகவும் பிடிக்கும்.

கேள்வி (வாசகி, ராஜபாளையம்): என் அப்பா 38 வருடம் பஞ்சாலையில் கணக்கராக இருந்தார். இப்போது வயது 84, பார்வை மங்கிவிட்டது. ‘கணக்கு எழுதியே என் காலம் போயிடுச்சும்மா’ என்று தினமும் வருத்தப்படுகிறார். அவருக்கு என்ன சொல்லி ஆறுதல் தருவது?

பதில்: உங்கள் கடிதத்தை எடுத்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்க முடியவில்லை, அம்மா. நானும் 31 வருடம் பள்ளியில் கணக்குப்பதிவியல் நடத்தியவன். பற்று, வரவு, இருப்புநிலைக் குறிப்பு, இதுதான் என் பிழைப்பு.

அப்பாவிடம் ஆபிரகாம் பிரிலாஃப் என்பவரைப் பற்றிச் சொல்லுங்கள். 1917-ல் பிறந்த நியூயார்க் யூதர். மேலே சொன்ன அதே சிட்டி கல்லூரியில் படித்தவர். கணக்காளராக இருந்துகொண்டே பருக் கல்லூரியில் பல்லாண்டுகள் பாடம் நடத்தினார். கம்பெனிகளின் ஆண்டறிக்கையை வரிவரியாகப் படித்து, எங்கே கணக்கு மறைக்கப்பட்டிருக்கிறது என்று ‘பேரன்ஸ்’ வார இதழில் எழுதுவார்.

அவர் விடாமல் எதிர்த்த முறை ஒன்றை உங்கள் அப்பாவுக்குச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார். ஒரு கம்பெனி தன்னுடைய 100 கோடி மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து இன்னொரு கம்பெனியை வாங்குகிறது என்று வையுங்கள். வாங்கிய கம்பெனியின் ஏட்டில் சொத்து 20 கோடி என்றிருந்தால், அதே 20 கோடியைத் தன் ஏட்டில் ஏற்றிக்கொள்ள அன்றைய அமெரிக்க விதி இடம் கொடுத்தது. மீதி 80 கோடி எங்கேயும் தெரியாது. அடுத்த வருடம் அந்தச் சொத்தில் பாதியை 30 கோடிக்கு விற்றால், ஏட்டில் 10 கோடிச் சொத்து, ஆகவே 20 கோடி லாபம்! உண்மையில் அந்தப் பாதிக்கு அவர்கள் கொடுத்தது 50 கோடி. வந்தது 20 கோடி நஷ்டம். பிரிலாஃப் 1960-களிலேயே இதைத் தோலுரித்தார். விதி ஒழிந்தது 2001-ல்தான். அவர் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார் என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

1974-ல் மெக்டொனால்ட்ஸ் கணக்கைப் பற்றி அவர் எழுதியதும் பங்கு விலை சரிந்தது. அவர் விமர்சித்த கம்பெனிகளின் பங்குகள் சராசரியாகச் சுமார் 8 சதவீதம் இறங்கியதாக ஜார்ஜ் ஃபாஸ்டர் என்ற ஆய்வாளர் 1979-ல் ஆராய்ந்து எழுதினார்.

சரி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவர் நினைவுக்கு வந்ததற்குக் காரணம் வேறு. முதுமையில் பிரிலாஃபுக்கும் பார்வை போய்விட்டது. ஆனாலும் வேலையை விடவில்லை. அவருடைய மகளும் கணக்காளர்தான். மகள் வாசிப்பார், அப்பா கேட்பார். ஆண்டறிக்கையின் அடிக்குறிப்புகளை வாய்விட்டு வாசிப்பது எவ்வளவு கடினம் தெரியுமா? என் பேத்தியை ஒருநாள் வாசிக்கச் சொன்னேன். கால் மணி நேரத்தில் முதல் பக்கத்தில் கேட்ட தொகை எனக்கு மறந்துவிட்டது. பிரிலாஃப் அத்தனையையும் மனத்தில் நிறுத்தி ஒப்பிட்டிருக்கிறார். 2013 டிசம்பரில், 96 வயதில் காலமானார்.

அந்த மகள் அவருக்குத் தனியாக ஆறுதல் சொல்லியிருக்கத் தேவையே இல்லை என்று நினைக்கிறேன். வேலையையே பக்கத்தில் உட்கார்ந்து பகிர்ந்துகொண்டார். நீங்களும் ‘வருத்தப்படாதீங்கப்பா’ என்பதை விட்டுவிட்டு அவரிடம் கேள்வி கேளுங்கள். கழிவுப் பஞ்சு விற்ற பணத்தை எந்தத் தலைப்பில் எழுதினீர்கள்? வருடக் கடைசியில் பஞ்சு இருப்பை எப்படி மதிப்பிட்டீர்கள்? ஐந்தொகையின் இரண்டு பக்கமும் ஒத்துவராமல் ஒரு ரூபாய் இடித்தால் எத்தனை மணிவரை உட்கார்ந்தீர்கள்? அந்த ராத்திரிகளில் அம்மா சாப்பாட்டை எடுத்து வைத்துக் காத்திருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும், அதையும் பேசுங்கள்.

அப்புறம், வீட்டு வங்கிப் புத்தகத்தை இந்த மாதம் அவருக்கு வரிவரியாக வாசியுங்கள். மெதுவாக, தேதியோடு. நடுவில் அவர் நிறுத்தி, ‘போன வரியை இன்னொரு தடவை சொல்லு’ என்பார். சொல்லுங்கள்.