லேட்டஸ்ட் என்றால் புதியது மட்டும்தானா?

கேள்வி: 'லேட்டஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை எங்கெல்லாம் பயன்படுத்தலாம்? 'லாஸ்ட்' என்பதும் அதுவும் ஒன்றா?

திருவாரூர் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். லேட்டஸ்ட் மாடல் போன், லேட்டஸ்ட் டிசைன் புடவை என்று பேசிப் பழகியதால், இந்தச் சொல்லுக்குப் 'புதியது' என்ற ஒரே பொருள்தான் பலர் மனதில் இருக்கிறது. அந்தப் பொருள் சரிதான். ஆனால் 'லேட்' என்பதன் உச்ச வடிவம் இது என்பதை மறந்துவிடுகிறோம். வீட்டில் யார் ரொம்பத் தாமதமாகத் தூங்குகிறார்கள் என்று கேட்கவும் இதே சொல்தான்.

நான் அதிகம் வலியுறுத்துவது 'அட் த லேட்டஸ்ட்' என்ற தொடரை. நம் டெல்டா கணக்கிலேயே சொல்கிறேன். மேட்டூரில் வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் நாள் ஜூன் 12. 'பை ஜூன் 12 அட் த லேட்டஸ்ட்' என்றால், அதற்கு முன்னால் எப்போது திறந்தாலும் சரி, அதைத் தாண்டக் கூடாது என்று பொருள். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். அது இந்த வரம்புக்குள் அடங்கும். 2024இல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள், அது அடங்காது. இதே இடத்தில் 'அட் த எர்லியஸ்ட்' என்று போட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும்: ஜூன் 12க்கு முன்னால் எதிர்பார்க்காதே என்று ஆகிவிடும். விண்ணப்பம், காப்பீடு, கட்டணம் என்று எந்த அறிவிப்பைப் படித்தாலும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். நம் அலுவலகக் கடிதங்களில் 'லேட்டஸ்ட் பை' என்று எழுதுவார்கள். அது இந்திய வழக்கு. பொருள் கெடு தேதி என்பதுதான்.

அப்புறம் 'லாஸ்ட்'. பழைய ஆங்கிலத்தில் இதுவும் 'லேட்' என்பதன் உச்ச வடிவமாக இருந்ததுதான், பிறகு தனி வழியில் போய்விட்டது. லாஸ்ட் என்றால் அதோடு வரிசை முடிந்தது. லேட்டஸ்ட் என்றால் இதுவரை வந்ததில் கடைசி, இன்னும் வரலாம். அணையின் இன்றைய நீர்மட்டம் லேட்டஸ்ட். நாளை வேறொன்று வரும். எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரின் புது நாவலை 'லாஸ்ட் நாவல்' என்று சொல்லிவிடாதீர்கள், இனி அவர் எழுதப்போவதில்லை என்று கேட்பவர் நினைக்கக்கூடும். இரவு மன்னார்குடிக்குப் போகும் கடைசி வண்டி 'லாஸ்ட் பஸ்'தான். அதை 'லேட்டஸ்ட் பஸ்' என்றால் புதிதாக வாங்கிவிட்ட வண்டி என்றுதான் தோன்றும். 'லாஸ்ட் இயர்', 'லாஸ்ட் வீக்' போன்றவை விதிவிலக்கு, அவை சென்ற ஆண்டு, சென்ற வாரம்.

'ஹேவ் யூ ஹேர்ட் த லேட்டஸ்ட்?' என்று யாராவது கேட்டால், பின்னால் பெயர்ச்சொல் எங்கே என்று தேட வேண்டாம். "சேதி தெரியுமா?" என்று நாம் கேட்பதுதான் அது.