ஆஃப் லைசன்ஸ் கடை: எந்த மாற்றத்துக்கு எந்தப் படிவம்?

இங்கிலாந்துச் சிறு நகரங்களில் ஆஃப் லைசன்ஸ் கடை, அதாவது வெளியே கொண்டுபோய்க் குடிக்க மது விற்கும் கடை, நடத்துவோருக்கான கேள்வி பதில். ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு.

கேள்வி: அண்ணா, ஓடுற கடை ஒன்றை வாங்குறம். சாவி எடுத்த அன்றே பியர் விற்கலாமா?

பதில்: விற்கலாம், இரண்டு விண்ணப்பங்கள் அதற்குள் கவுன்சிலுக்குப் போயிருந்தால்: லைசன்ஸ் பெயர் மாற்றம், டிபிஎஸ் (மது விற்பனைக்குப் பொறுப்பாக லைசன்ஸில் பெயர் குறிக்கப்பட்டவர்) மாற்றம். தலா 23 பவுண்ஸ். இரண்டிலும் ‘உடனடியாக நடைமுறைக்கு’ என்ற பெட்டியில் புள்ளடி போடுங்கள். இல்லாவிட்டால் முடிவு வரும்வரை போத்தல்கள் தட்டிலேயே இருக்கும். பழைய முதலாளியின் சம்மதக் கையெழுத்தைக் காசு கொடுக்க முதலே வாங்குங்கள். பிறகு ஆளைப் பிடிப்பது கஷ்டம். புது டிபிஎஸ்ஸிடம் பேர்சனல் லைசன்ஸ் (கடைக்கு அல்ல, ஆளுக்குக் கொடுக்கும் மது லைசன்ஸ்) இருக்கவேண்டும்.

லைசன்ஸின் பின்னிணைப்பு 2, 3 இரண்டையும் வரிவரியாக வாசியுங்கள். சிசிடிவி பதிவை இத்தனை நாள் வைத்திரு, ஸ்ட்ராங் பியர் விற்காதே என்ற நிபந்தனைகள் கடையோடு சேர்ந்தே வரும். மீறினால் மாட்டுவது நீங்கள்தான்.

கேள்வி: இரவு 11 மணியை 12 ஆக்க, 89 பவுண்ஸ் மைனர் வேரியேஷன் (லைசன்ஸில் சிறு மாற்றம்) காணுமா?

பதில்: காணாது. மது விற்கும் நேரத்தைக் கூட்ட முழு வேரியேஷன் வேண்டும். ரேட்டபிள் வேல்யூ (வரிக்காகக் கடைக் கட்டடத்துக்குப் போட்ட மதிப்பு) 4,300 பவுண்ஸ் வரை என்றால் கட்டணம் 100 பவுண்ஸ்; 33,000 வரை என்றால் 190. வெளிர்நீல ஏ4 தாளில், எழுத்து 16 புள்ளிக்குக் குறையாமல், விண்ணப்பித்த மறுநாளிலிருந்து 28 நாள் அறிவித்தல் வெளியே தெரியவேண்டும். 10 வேலைநாளுக்குள் உள்ளூர்ப் பத்திரிகையிலும் ஒருமுறை வரவேண்டும். பத்திரிகைத் திகதியைத் தவறவிட்டுத்தான் பலர் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். பொலிஸ் லைசன்சிங் அதிகாரியிடம் முன்கூட்டியே பேசுங்கள். அவர் கேட்கும் நிபந்தனையை நீங்களே எழுதிக் கொடுத்தால் கவுன்சில் விசாரணைக்குப் போகாமலே முடியலாம்.

கேள்வி: கவுண்டரை மட்டும் இடம் மாற்றினால்?

பதில்: பிளான் மாறுகிறது, மைனர் போதும். இதற்கு அறிவித்தல் வெள்ளைத் தாளில், 10 வேலைநாள். 15 வேலைநாளில் கவுன்சில் பதில் தராவிட்டால் நிராகரிப்பு என்றே அர்த்தம், காசு திரும்பும்.

கேள்வி: எங்கட ரெஸ்டோரண்டில் சாப்பாட்டுப் பார்சலோடு வைன் கொடுத்து வந்தோம். இப்பவும் சரியா?

பதில்: கோவிட் காலச் சலுகை 2025 மார்ச் 31 உடன் முடிந்தது. லைசன்ஸில் ஆஃப் சேல் (வெளியே கொண்டுபோக மது விற்கும் அனுமதி) இல்லையென்றால் வேரியேஷன் வேண்டும்.

கேள்வி: ஹோலில் பிறந்தநாள், பாரும் வைக்கிறோம். லைசன்ஸ் வேணுமா?

பதில்: சும்மா ஊற்றிக் கொடுத்தால் வேண்டாம். விற்றாலோ, டிக்கெட் விலைக்குள் குடிவகை அடங்கினாலோ கவுன்சிலுக்குத் தற்காலிக நிகழ்வு அறிவித்தல் கொடுக்கவேண்டும், 21 பவுண்ஸ். வேலையாட்களோடு சேர்த்து 499 பேருக்கு மேல் கூடாது. கவுன்சில் பெறும் நாளையும் நிகழ்வு நாளையும் விட்டு 10 முழு வேலைநாள் எண்ணுங்கள். 5 முதல் 9 நாள் என்றால் ‘லேட்’ அறிவித்தல். அதற்குப் பொலிஸ் மறுத்தால் விசாரணையே இல்லை, பார் இல்லாத பார்ட்டிதான்.