ஜப்பானிய விரிவுரையாளர் பணி: தேர்வுக் குழு உங்களிடம் தேடுவது என்ன?

கேள்வி: ஜப்பானிய மொழியில் முதுகலை முடித்து, ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி.யில் மிக உயர்ந்த நிலையான என்1 தேறியிருக்கிறேன். ஆறு ஆண்டுகளாக ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் அதே தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்கிறேன். அமெரிக்க, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு விரிவுரையாளர் பணி கேட்டுப் பதினோரு விண்ணப்பங்கள் அனுப்பினேன். பத்து இடங்களிலிருந்து பதிலே இல்லை. ஓர் அமெரிக்கக் கல்லூரி மட்டும் ஓராண்டு ‘விசிட்டிங்’ (தற்காலிக) பணிக்கு நேர்காணலும் இருபது நிமிட மாதிரி வகுப்பும் வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஆசியவியல் பாடம் ஒன்றும் எடுக்க முடியுமா என்று கேட்கிறார்கள். நான் ஜப்பானியர் இல்லை என்பதுதான் தடையா? பிஎச்.டி. முடித்துவிட்டுத்தான் முயல வேண்டுமா?

பதில்: பதினொன்றில் ஒரு நேர்காணல் என்பது மோசமான கணக்கு இல்லை, முதலில் மனம் தளராதீர்கள். வெளிநாட்டில் ஜப்பானிய மொழி கற்பித்த ஆண்டுகளில், ஆள் எடுக்கும் குழுக்களிலும் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். உங்களைப் போன்றவர்களின் விண்ணப்பங்கள் நிறைய வரும். தகுதி இருக்கும், குழுவின் கண்ணில் படாத இடத்தில் அது இருக்கும். உங்கள் சிவியைப் பார்க்காமலே சொல்கிறேன்: மேலே என்1 சான்றிதழ், அதன் கீழே எத்தனை பேரை என்4, என்3 தேற வைத்தீர்கள் என்ற கணக்கு. சரிதானே?

அந்தக் கணக்கு பயிற்சி நிலையத்துக்குப் பெருமை. பல்கலைக்கழகக் குழுவுக்கு அது எதையும் சொல்வதில்லை. 1984-இல் தொடங்கி, 2010 முதல் ஐந்து நிலைகளாக நடக்கும் அந்தத் தேர்வு சொல்வளம், இலக்கணம், வாசிப்பு, கேட்டல் ஆகியவற்றை மட்டுமே அளக்கிறது. பேசவும் எழுதவும் தெரியுமா என்பதைச் சோதிப்பதே இல்லை. பல்கலைக்கழகத்தின் முதலாண்டு வகுப்போ முழுக்க முழுக்கப் பேச்சில்தான் ஓடுகிறது. வாரத்தில் நான்கைந்து நாள், பதினைந்து இருபது மாணவர்கள், ஒவ்வொருவரும் தினமும் வாயைத் திறந்தாக வேண்டும். சரியான விடையைக் குறிக்கக் கற்றுத்தந்தவருக்கு இவர்களைப் பேச வைக்கத் தெரியுமா? குழுவின் சந்தேகம் இதுதான். உங்கள் பத்து விண்ணப்பங்களும் அநேகமாக இங்கேதான் நின்றிருக்கும்.

இதைச் சரிசெய்ய முடியும். தேர்வுப் பயிற்சிக்கு நடுவே நீங்கள் பேச வைத்த தருணங்கள் இருக்கும். உரையாடல் பயிற்சி, மாணவர்கள் எழுதிய சிறு கட்டுரைகள், நீங்களே உருவாக்கிய பயிற்சித் தாள்கள். அவற்றை சிவியின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். மாணவர் ஒப்புதலோடு ஒரு வகுப்பைப் பத்து நிமிடம் படம்பிடித்து வையுங்கள். மூன்று பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றாவது, நீங்கள் பாடம் நடத்துவதைக் கண்ணால் பார்த்தவர் எழுதியதாக இருக்கட்டும். உங்கள் முதுகலை ஆய்வை மட்டும் புகழும் கடிதத்தால் இந்த வேலைக்குப் பெரிய பயன் இல்லை.

இன்னொன்று, கற்பித்தல் பற்றி உங்களை எழுதித் தரச் சொல்லும் அறிக்கை. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிலையம், ஆங்கிலம் பேசுபவர் ஜப்பானிய மொழியில் பணிபுரியும் அளவுக்குத் தேர்ச்சி பெற ஏறத்தாழ 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கிடுகிறது. வாரம் 5 மணி நேரம், ஆண்டுக்கு 30 வாரம் என்று வைத்தால் ஒரு கல்லூரி மாணவருக்குக் கிடைப்பது 150 மணி நேரம். நான்கு ஆண்டும் விடாமல் படித்தால்கூட 600. ‘என் மாணவர்களைப் பட்டம் பெறுவதற்குள் சரளமாகப் பேச வைப்பேன்’ என்ற வரியைப் படித்ததும் எங்களுக்குத் தெரிந்துவிடும், இவர் அந்த வகுப்பறைக்குள் நின்றதில்லை என்று. 150 மணி நேரத்தில் எதைச் செய்ய முடியும், எதைத் தள்ளிவைப்பீர்கள் என்று எழுதுங்கள். அப்படி எழுதியவர்களை நான் தயங்காமல் நேர்காணலுக்குப் பரிந்துரைத்திருக்கிறேன்.

இனி, நீங்கள் ஜப்பானியர் இல்லை என்பது. ஜப்பானிய அரசு சார்ந்த பண்பாட்டு நிறுவனமான ஜப்பான் பவுண்டேஷன் 2021-இல் எடுத்த கணக்கின்படி 141 நாடுகளிலும் பிரதேசங்களிலும் 18,272 நிறுவனங்களில் 74,592 ஆசிரியர்கள், ஏறக்குறைய 38 லட்சம் பேருக்கு ஜப்பானிய மொழி கற்பிக்கிறார்கள். அந்த ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் ஜப்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக மொழி வகுப்புகளில் நிலைமை வேறு. அங்கே ஜப்பானியர்கள்தான் அதிகம், சில துறைகளில் பிறப்பைப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் விளம்பரங்கள் பெரும்பாலும் ‘தாய்மொழி அல்லது அதற்கு நிகரான தேர்ச்சி’ என்றுதான் கேட்கும். நேர்காணலில் பாதி ஜப்பானிய மொழியில் நடக்கலாம். துறைத்தலைவரிடம் பேசும்போது மரியாதை மொழி தடுமாறாமல் வருகிறதா என்பதை அங்கேயே பார்த்துவிடுவார்கள். வேலை தேடும் இந்த மாதங்களில் வாரத்துக்கு இரண்டு முறையாவது யாருடனாவது துறை சார்ந்த விஷயங்களை ஜப்பானிய மொழியிலேயே பேசிப் பழகுங்கள். என்1 தேறிய பலருக்கு வாசிப்பு பளிச்சென்று இருக்கும், பேச்சு துருப்பிடித்திருக்கும்.

அதே சமயம், அந்த மொழியைக் கற்றுத் தேறியவர் என்பது உங்கள் பலமும்கூட. ‘கொடு’ என்பதற்கு ஜப்பானிய மொழியில் இரண்டு வினைகள். நான் பிறருக்குக் கொடுத்தால் ‘அகெரு’. பிறர் எனக்கோ என்னைச் சேர்ந்தவருக்கோ தந்தால் ‘குரெரு’. ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்றே. பழைய தமிழ் இலக்கணம் ‘தரு’ என்பதைத் தன்மைக்கும் முன்னிலைக்கும், ‘கொடு’ என்பதைப் படர்க்கைக்கும் உரியதாக்கியது. இரண்டும் அச்சில் வார்த்தது போல ஒன்றில்லை என்றாலும், கை எந்தத் திசையில் நீள்கிறது என்பதை வினை சொல்ல முடியும் என்று நமக்கு விளங்கிவிடுகிறது. மாணவன் எங்கே இடறுவான் என்பது, நாமும் இடறி எழுந்தவர்கள் என்பதால் நமக்கு முன்கூட்டியே தெரியும். தாய்மொழியாகப் பேசுபவர் அதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாதிரி வகுப்புக்கு இதையே எடுத்துக்கொள்ளலாம். முதலில் கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்: எந்தப் பாடநூல், எந்தப் பாடம் வரை முடித்திருக்கிறார்கள், எதிரே உட்காரப்போவது உண்மையான மாணவர்களா, குழுவினரே மாணவர்களாக நடிப்பார்களா, பெயர்ப் பட்டியல் கிடைக்குமா? தயங்க வேண்டாம். இந்தக் கேள்விகளைக் கேட்பவர் மீது எங்களுக்கு மதிப்புதான் வரும்.

இருபது நிமிடத்துக்கு ஒரே ஓர் இலக்கணக் கூறு போதும். நான் பார்த்த மாதிரி வகுப்புகளில் தோற்றவை பெரும்பாலும் ஒரே விதமாகத் தோற்றவைதான்: பதினைந்து நிமிடம் ஸ்லைடைக் காட்டி ஆங்கிலத்தில் விளக்கம், கடைசி ஐந்து நிமிடத்தில் ‘எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள்’. தலைகீழாக மாற்றுங்கள். கையில் ஒரு புத்தகம், ஒரு பேனா. ஒரு மாணவருக்குக் கொடுங்கள், ‘அகெமாஷிதா’. அவர் அதை உங்களிடம் திருப்பித் தரட்டும், ‘குரெமாஷிதா’. மூன்று நிமிடத்தில் திசை கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிறகு இருவர் இருவராகப் பிரித்து, போன பிறந்தநாளுக்கு யார் என்ன தந்தார்கள் என்று ஒருவரையொருவர் விசாரிக்கச் சொல்லுங்கள். பதில் உங்களுக்குத் தெரியாத கேள்வியாக இருந்தால்தான் மாணவன் உண்மையாகப் பேசுவான். நடுவில் வகுப்பைச் சுற்றி வாருங்கள்; மேசைக்குப் பின்னால் நிற்காதீர்கள். விளக்கத்தைப் பலகையில் எழுதுவது கடைசி இரண்டு நிமிடத்துக்கு.

குழு உண்மையில் காத்திருப்பது ஒரு பிழைக்காக. யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார்: ‘தொமொதாச்சி வா வதாஷி நி ஹோன் ஓ அகெமாஷிதா’ (நண்பர் எனக்குப் புத்தகம் கொடுத்தார் என்று சொல்ல வந்து, வினையைத் தவறவிட்டது). அப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எல்லா பேனாவும் காத்திருக்கும். அவரை நிறுத்தி விதி சொன்னால் அவர் அதன்பின் வாய் திறக்க மாட்டார். கேட்காதது போல விட்டாலும் தவறு. ‘ஓ, ஹோன் ஓ குரெமாஷிதா கா? தொன்னா ஹோன் தெசு கா?’ என்று உண்மையான ஆர்வத்தோடு திருப்பிக் கேளுங்கள். சரியான வடிவம் அவர் காதில் விழுந்துவிட்டது, எந்தப் புத்தகம் என்று பேச்சும் தொடர்கிறது. அவர் அடுத்த வாக்கியத்தில் தானாகவே ‘குரெமாஷிதா’ என்றால், அந்த அறையில் உங்கள் வேலை பாதி முடிந்தது.

ஆசியவியல் பாடம் பற்றிக் கேட்டது சம்பிரதாயக் கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் பிறமொழி வகுப்புகளின் மாணவர் எண்ணிக்கை 2016-க்கும் 2021-க்கும் இடையே 16.6 விழுக்காடு குறைந்தது. ஜப்பானிய மொழி மற்ற பல மொழிகளைவிடத் தாக்குப்பிடித்திருக்கிறது என்றாலும், இருக்கைகளை நிரப்பும் கவலை எல்லாத் துறைகளுக்கும் உண்டு. ஆங்கிலத்தில் நடத்தும் ஒரு பண்பாட்டுப் பாடத்துக்கு மொழி படிக்காத மாணவர்களும் வருவார்கள். அதனால்தான் கேட்கிறார்கள்.

‘ஜப்பானியப் பண்பாடு ஓர் அறிமுகம்’ என்று தேநீர்ச் சடங்கு, கிமோனோ, அனிமே என வாரத்துக்கு ஒன்றாக அடுக்கிக்கொண்டு போகாதீர்கள். அது எல்லோரும் கொண்டுவருவது. கேள்விகள் ஆழமானால் நீங்களே தவித்துப்போவீர்கள். நீங்கள் மொழியியல் தெரிந்தவர், அங்கிருந்தே தொடங்குங்கள். ‘ஜப்பானில் மொழியும் சமூகமும்’ என்று 14 வாரப் பாடத்திட்டம் ஒன்று எழுதலாம். மெய்ஜி காலத்தில் (1868–1912) ‘தேசிய மொழி’ என்ற கருத்து எப்படி உருவாயிற்று, தெற்குத் தீவுகளான ஒகினாவாவின் பள்ளிகளில் தங்கள் பேச்சு மொழியைப் பேசிய பிள்ளைகளின் கழுத்தில் ஏன் அட்டை மாட்டினார்கள், 2009-இல் யுனெஸ்கோ ஜப்பானில் அழியும் நிலையிலுள்ளதாக எட்டு மொழிகளை ஏன் பட்டியலிட்டது, வடக்கே வாழும் ஐனு மக்களைப் பூர்வகுடிகள் என்று சட்டத்தில் எழுத 2019 வரை ஏன் ஆயிற்று, பெண்மொழி ஆண்மொழி என்பது எவ்வளவு உண்மை எவ்வளவு கற்பிதம். இவை மாணவர்களை உலுக்கும் விஷயங்கள், உங்களுக்கும் கைவசம் உள்ளவை. மொழிபெயர்ப்பில் கிடைக்கும் வாசிப்புகளை வாரவாரியாகக் குறித்து, நேர்காணலுக்கு அச்சிட்டுக் கொண்டுபோங்கள்.

பிஎச்.டி. விஷயத்தில் என் கருத்து தெளிவானது. ஆசியவியல் துறைகளுக்குள் இரண்டு வாசல்கள் உண்டு. மொழி கற்பிப்பவர்களுக்கு ஒன்று; அங்கே முதுகலையும் கற்பித்த அனுபவமும் கேட்பார்கள், பிஎச்.டி. இருந்தால் கூடுதல் மதிப்பு. இலக்கியம், வரலாறு, மொழியியல் ஆராய்ந்து நிரந்தரப் பேராசிரியர் பாதையில் செல்பவர்களுக்கு மற்றொன்று, அங்கே பிஎச்.டி. இல்லாமல் நுழைய முடியாது. மொழி ஆசிரியர்களைக் கீழ்த்தட்டில் வைக்கும் இந்த ஏற்பாட்டை அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கமே 2007 அறிக்கையில் கண்டித்தது. பெரும்பாலான துறைகளில் அது இன்னும் நீடிப்பதைப் பார்க்க வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆராய்ச்சி உங்களை இழுக்கிறது என்றால் பிஎச்.டி. செய்யுங்கள். விரிவுரையாளர் ஆவதற்காக மட்டும் ஐந்து முதல் ஏழு ஆண்டு செலவிட வேண்டாம். செய்வதானால் கற்பித்தல் உதவியாளர் பணியோடு நிதி தரும் இடத்தில், மொழி கற்றல் ஆய்விலோ ஜப்பானிய மொழியியலிலோ சேருங்கள். குழு தேடும் வகுப்பறை அனுபவம் படிக்கும்போதே கிடைத்துவிடும். இடைப்பட்ட காலத்தில், ஜப்பானுக்கு வெளியே கற்பிக்கும் ஆசிரியர்களுக்காக ஜப்பான் பவுண்டேஷன் சைதாமாவின் உராவாவில் 1989 முதல் நடத்திவரும் மையத்தின் பயிற்சிகளுக்கு விண்ணப்பியுங்கள். ஜப்பானில் 2024-இல் வந்த ‘பதிவுபெற்ற ஜப்பானிய மொழி ஆசிரியர்’ தேசியத் தகுதியைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அது ஜப்பானுக்குள் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கானது. வெளிநாட்டுப் பல்கலைக்கழக வேலைக்கு அது நிபந்தனை இல்லை.

ஐரோப்பாவைப் பொறுத்தவரை ஒரு சொல். ஜெர்மனியில் ‘லெக்டர்’ (மொழி விரிவுரையாளர்) பணிகளுக்கு வாரம் 12 முதல் 18 மணி நேரம்கூடக் கற்பிக்க வேண்டியிருக்கும், ஒப்பந்தத்துக்குக் கால வரம்பும் இருக்கலாம். ஜெர்மன் தெரியாமல் விண்ணப்பிப்பது பெரும்பாலும் வீண்.

கையிலிருக்கும் ஓராண்டுப் பணியை, கிடைத்தால், ஏற்றுக்கொள்ளுங்கள் என்பேன். பல்கலைக்கழகத்தில் மதிப்பெண் போட்டு நடத்திய ஓராண்டு வகுப்பு உங்கள் சிவியின் ஓட்டையை அடைக்கும். கையெழுத்திடுமுன் சிலவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கற்பித்தல் சுமையைப் பாடங்களின் எண்ணிக்கையால் அளக்கிறார்களா, வகுப்பு மணி நேரத்தாலா? வாரம் ஐந்து மணி நேர மொழிப் பாடத்தையும் மூன்று மணி நேர விரிவுரையையும் ‘ஒரு பாடம்’ என்று சமமாக எண்ணும் இடங்கள் உண்டு. சம்பளம் ஒன்பது மாதத்துக்கா? கோடையில் மருத்துவக் காப்பீடு தொடருமா? எந்த விசா? பரிமாற்ற வருகையாளருக்கான ஜே-1 என்றால், அது முடிந்தபின் 24 மாதங்களுக்கு அதே பேராசிரியர் பிரிவில் மீண்டும் வர முடியாது. சிலருக்கு இரண்டாண்டு சொந்த நாட்டில் தங்க வேண்டிய நிபந்தனையும் சேரும், அது இருந்தால் எச்-1பி வேலை விசாவின் வழியும் அடைபடும். ஆகவே விசா ஆவணத்தில் அந்த நிபந்தனை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எச்-1பி என்றால், பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டு ஒதுக்கீட்டு வரம்பு கிடையாது, ஆண்டின் எந்த மாதத்திலும் விண்ணப்பிக்கலாம்.

பின்னாளில் நிரந்தரமான கற்பித்தல் பணி கிடைத்தால், சேர்ந்த முதல் மாதமே கிரீன் கார்டு பற்றிப் பேச்செடுங்கள். விளம்பரம் செய்து, பலர் போட்டியிட்டதில் தேர்ந்தெடுக்கப்பட்ட கல்லூரி ஆசிரியருக்கு அமெரிக்கத் தொழிலாளர் துறை ஒரு தனி நடைமுறை வைத்திருக்கிறது. உங்களைத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து 18 மாதங்களுக்குள் பல்கலைக்கழகம் விண்ணப்பித்துவிட வேண்டும். அதைத் தவறவிட்டதால் அதே வேலைக்கு மறுபடியும் விளம்பரம் செய்து, மறுபடியும் போட்டியிட நேர்ந்த ஓர் ஆசிரியரை எனக்குத் தெரியும்.