கோலாலம்பூரில் புதைபடிவம் தேடலாமா?

படிவுப் பாறைகளைப் படிக்க ஆசை, பத்துமலையில் தேடினால் புதைபடிவம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பத்துமலையில் தேடாதீர்கள். அங்கே ஏன் கிடைப்பதில்லை என்று புரிந்துகொள்வதே நல்ல முதல் பாடம். அந்தச் சுண்ணாம்புக்கல் 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் படிந்தது. தைப்பூசத்தன்று காவடியோடு 272 படி ஏறுகிறவர்கள் பழைய கடல்தரையின் மேல்தான் ஏறுகிறார்கள்! பிற்பாடு பூமிக்குள்ளிருந்து கருங்கல் குழம்பு மேலெழுந்தது. கெந்திங் மலை அப்படி உறைந்த கல்தான். அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் சுண்ணாம்புக்கல் பளிங்காக மாறியது. உள்ளே இருந்த சிப்பியும் பவளமும் பெரும்பாலும் உருத்தெரியாமல் போயின. குகை மண்ணில் ஒராங் ஊத்தான் பற்கள் கிடைத்திருப்பது உண்மை. ஆனால் அவை மிகவும் பிற்காலத்தவை, பாறையின் வயதோடு சம்பந்தமில்லாதவை.

அதனால் முதலில் அடுக்குகளைப் பாருங்கள். வீடு கட்டவும் சாலை போடவும் குன்றை வெட்டிய இடங்களில் மணற்கல்லும் களிக்கல்லும் மாறி மாறிச் சாய்ந்து நிற்கும். இதற்கு கென்னி ஹில் பாறைத்தொகுதி என்று பெயர். இன்றைய புக்கிட் துங்குவின் பழைய பெயர்தான் அது. இது சுண்ணாம்புக்கல்லுக்கு மேலே படிந்திருக்கிறது. கீழே இருப்பது மூத்தது என்று டென்மார்க் அறிஞர் ஸ்டெனோ 1669இல் எழுதிய விதிப்படி, இது சுண்ணாம்புக்கல்லுக்கு இளையது. சுமார் 10 கோடி ஆண்டு இளையது! இடைப்பட்ட காலத்தில் படிந்தவை அரித்துப் போயிருக்கும், அல்லது எதுவும் படிந்தே இருக்காது. என்னை இந்தப் படிப்புக்குள் இழுத்தது அந்த வெற்றிடம்தான்.

என் தாத்தா பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தில், அது 1960இல் மூடப்படும் வரை வேலை செய்தவர். அங்குள்ள களிக்கல் ஏடு ஏடாகப் பிரியும், உள்ளே இலைத் தடம் இருக்கும் என்பார். பதினான்கு வயதில் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தேன். நரம்புகள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் நிலக்கரிக்கு மேலே இருந்ததா, கீழே இருந்ததா என்று குறித்துவைக்கவில்லை. இன்றுவரை அது எனக்கு வருத்தம். நீங்கள் கல்லைத் தொடும் முன் நோட்டில் வரையுங்கள்: எந்த அடுக்கு, எவ்வளவு தடிமன், எந்தப் பக்கம் சாய்வு. படம் எடுக்கும்போது அளவுக்கு ஒரு காசை வையுங்கள். மழைக்குப் பிறகு வெட்டுச்சரிவுக்குக் கீழே போய் நிற்காதீர்கள்.

கண் பழகியதும் லங்காவிக்குப் போங்கள். மச்சின்சாங் மலையின் மணற்கல் சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கேம்பிரியன் காலத்தது, நாட்டிலேயே மிகப் பழைய பாறைகளில் ஒன்று. 2007 முதல் அது பாறைகளைப் பாதுகாக்கும் புவிப்பூங்கா என்பதால் சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிட்டு நோட்டோடு போங்கள்.